மாகாண அணி ஆட்டக்காரர் அம்பயராவது எப்படி?

மராய்ஸ் எராஸ்மஸ் தென்னாப்பிரிக்க அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் அம்பயராக நின்றார். நியூசிலாந்தின் கிறிஸ் கஃபனியும் ஒடாகோ அணியோடு நின்றுபோன ஆட்டக்காரர்தான், இன்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) உச்ச அம்பயர் குழுவான எலைட் குழுவில் இருக்கிறார். இது ஆடிய அனுபவத்தின் பலனா, பழைய ஆட்டக்காரர் என்று வாரியம் காட்டிய சலுகையா, அம்பயரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஆடத் தெரிந்தவருக்குத் தீர்ப்புச் சொல்லவும் தெரியுமா? தெரியாது. அதை அடியிலிருந்து தனியாகக் கற்க வேண்டும். ஆடிய அனுபவம் சில இடங்களில் பெரிய கைமுதல், சில இடங்களில் இடைஞ்சல். எது எங்கே என்பதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஆண்டுக்கணக்கைப் பார்த்தால் சலுகை என்ற சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எராஸ்மஸ் போலண்ட் மாகாணத்துக்கு 1988-89 முதல் 1996-97 வரை ஆடிய பந்துவீச்சு ஆல்ரவுண்டர். 53 முதல்தர ஆட்டங்கள் (மாகாண அளவிலான பல நாள் ஆட்டங்கள்). ஆட்டத்தை நிறுத்தும்போது வயது 33. முதல்தர ஆட்டத்தில் அம்பயராக நின்றது 2002-03இல். முதல் சர்வதேச டி20 2006இல், முதல் டெஸ்ட் 2010 ஜனவரியில் சிட்டகாங்கில். மட்டையை வைத்ததற்கும் முதல் டெஸ்டுக்கும் நடுவே 13 ஆண்டுகள். கஃபனி 83 முதல்தர ஆட்டங்கள் ஆடிய மட்டையாளர். 2007இல் ஆட்டத்தை விட்டார், 2010இல் சர்வதேசக் குழு, 2014இல் ஹராரேயில் முதல் டெஸ்ட், 2015இல் எலைட் குழு. பாகிஸ்தானின் அலீம் தார் இன்னும் வேகம். 17 முதல்தர ஆட்டங்கள் மட்டுமே ஆடிய சுழற்பந்துக்காரர், 1998 வாக்கில் ஆட்டத்தை முடித்து 2000 பிப்ரவரியில் குஜ்ரன்வாலாவில் ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் நின்றுவிட்டார். ஆகக் குறைவான ஆட்டம் ஆடியவர்தான் ஆக வேகமாக ஏறியிருக்கிறார். பிற்பாடு 2009, 2010, 2011 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த அம்பயருக்கான டேவிட் ஷெப்பர்ட் கோப்பையை வாங்கியவரும் அவரே.

முதல்தர ஆட்டமே ஆடாதவர்களையும் பாருங்கள். ரூடி கூர்ட்சன் ரயில்வே எழுத்தராக இருந்தபடி 1981இல் அம்பயர் வேலையைத் தொடங்கியவர். 108 டெஸ்டுகள் நின்றார். சைமன் டஃபல் சிட்னி கிளப் ஆட்டத்தைத் தாண்டிப் போனதில்லை. 2004 முதல் 2008 வரை ஐந்து ஆண்டுகளும் சிறந்த அம்பயர் விருது அவருக்கே. ஸ்டீவ் பக்னர் கால்பந்து நடுவராகவும் இருந்தவர். மாகாண அளவில் ஆடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை இல்லை என்பதற்கு இந்த மூவரே போதும்.

அப்படியானால் ஆடியவருக்கு என்னதான் மிச்சம்? முதலில், ஆடுகளத்தைப் படிக்கும் கண். தென்னாப்பிரிக்காவையே எடுத்துக்கொள்வோம். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கும் மேல். அங்குள்ள வாண்டரர்ஸ் மைதானத்தில் நல்ல நீளத்தில் குத்திய பந்து ஸ்டம்புக்கு மேலே பறந்துவிடும். போலண்ட் அணியின் பார்ல் மைதானம் மெதுவானது, பந்து தாழ்வாக வரும். முன்கால் முட்டியில் பட்ட ஒரே மாதிரிப் பந்துக்கு வாண்டரர்ஸில் "உயரம்" என்று மறுக்கலாம், பார்லில் கையை உயர்த்தலாம். விதிப்புத்தகத்தில் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. எட்டு ஒன்பது பருவங்கள் அந்தக் களங்களில் பந்து வீசியவருக்கு முதல் பத்து ஓவரிலேயே அன்றைய துள்ளல் பிடிபட்டுவிடும். ஆடாதவரும் இதைக் கற்கலாம்; ஒவ்வொரு மைதானத்திலும் நான்கைந்து ஆட்டங்கள் நின்றுதான் அது வரும்.

இரண்டாவது, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்ற ஊகம். களத்தில் ஒருவரை நகர்த்தினாலே ஷார்ட் பிட்ச் வருகிறது என்று ஆடியவருக்குத் தெரியும். சுழற்பந்துக்காரர் கிரீஸின் ஓரத்துக்குப் போனால் கோணம் மாறுகிறது என்பதை முன்கூட்டியே பிடித்துவிடுவார். மூன்றாவது, சச்சரவு மூள்வதற்கு முன்பே அதன் வாசனை. யார் உண்மையிலேயே கொதிக்கிறார், யார் அம்பயரைச் சோதிக்கிறார் என்று பிரித்துப் பார்க்கிற அந்தப் புத்தி உடைமாற்றும் அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்தவருக்குத்தான் எளிதில் வரும். என் கணிப்பில் பழைய ஆட்டக்காரரின் உண்மையான சொத்து இந்த மூன்றாவதுதான். முதல் இரண்டையும் உழைத்துச் சம்பாதித்துவிடலாம்.

இனி, புதிதாகக் கற்க வேண்டியவை. எல்பிடபிள்யூவில் (ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டு அவுட் ஆவது) தொடங்குவோம். அப்பீல் வந்ததும் மனதில் ஓட வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு: நோ பாலா? லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா? முதலில் மட்டையில் பட்டதா? ஸ்டம்புகளுக்கு நேரே பட்டதா, அல்லது ஆஃப் பக்கம் வெளியே பட்டும் மட்டையாளர் ஆட உண்மையான முயற்சி செய்யவில்லையா? கடைசியாக, தடைபடாமல் போயிருந்தால் ஸ்டம்பைத் தட்டியிருக்குமா? எந்தக் கேள்வியில் அறுபட்டாலும் நாட் அவுட். பந்துவீச்சாளராக இருந்தவருக்கு இங்கே ஒரு தொல்லை இருக்கிறது. அவர் பழகியது கடைசிக் கேள்வியை முதலில் கேட்க. ஸ்டம்பைத் தட்டும் என்று தோன்றியதுமே கை எழத் துடிக்கும். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியது பிறகுதான் நினைவுக்கு வரும். இடதுகை வேகப்பந்துக்காரர் ஓவர் த விக்கெட் (வீசும் கை ஸ்டம்பை ஒட்டி இருக்கும்படி) வந்து வலதுகை மட்டையாளருக்கு வீசும்போது இந்தத் தவறு அதிகம் நிகழும். பந்து உள்ளே வளையாமல் கோணத்தோடு போனால் ஒன்று வெளியே குத்தியிருக்கும், அல்லது நேரே குத்தி ஆஃப் பக்கம் விலகிப் போகும். மட்டையாளராக இருந்தவருக்குத் தவறு எதிர்த்திசையில். அரைச் சந்தேகத்தையும் மட்டையாளருக்குச் சாதகமாக முழுச் சந்தேகமாக்கிவிடுவார். டிஆர்எஸ் (தீர்ப்பைத் தொழில்நுட்பத்தால் மறுபடி சரிபார்க்கும் முறை) வந்தபின் இந்தப் பழைய தாராளம் குறைந்திருக்கிறது. நன்றாக முன்னே நீட்டி ஆடியவருக்கும் பந்து ஸ்டம்பைத் தட்டும் என்று திரும்பத் திரும்பக் காட்டியது அந்தத் தொழில்நுட்பந்தான்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகப் பந்து கையை விட்டு மட்டையாளரைச் சேர அரை வினாடிகூட ஆகாது. மேலே சொன்ன கேள்விகளை அந்த நேரத்துக்குள் யாரும் கேட்க முடியாது. செய்ய வேண்டியது, பந்தை மனதில் பதிய விட்டு, அது முடிந்தபின் இரண்டு மூன்று வினாடி நிதானமாக அதை மறுபடி ஓட்டிப் பார்ப்பது. கூர்ட்சனின் விரல் மெதுவாக எழுந்ததைப் பலர் கிண்டல் செய்தார்கள். ஆனால் அப்பீல் சத்தம் அடங்கும்வரை காத்திருக்கும் வழக்கத்தை ஒவ்வொரு பயிற்சியிலும் இன்றும் சொல்லித்தருகிறார்கள். ஆட்டக்காரருடைய பயிற்சி முழுக்க உடனே எதிர்வினை செய்யவே உடலைப் பழக்குகிறது. அதை அவிழ்ப்பதற்கே பலருக்கு இரண்டு பருவம் போகிறது.

அடுத்தது கால். முன்காலின் ஏதாவது ஒரு பகுதி, தரையில் பட்டதோ தூக்கியதோ, பாப்பிங் கிரீஸுக்கு (ஸ்டம்புக்கு முன்னாலுள்ள கோடு) பின்னால் இருக்க வேண்டும்; பின்கால் ரிட்டர்ன் கிரீஸை (பக்கவாட்டுக் கோடு) தொடக் கூடாது. 2020க்குப் பிறகு பெரிய சர்வதேச ஆட்டங்களில் முன்கால் நோ பாலை டிவி அம்பயர் பார்த்துக்கொள்கிறார். கேமரா இல்லாத மாகாண, கிளப் ஆட்டத்தில் அந்த வசதி இல்லை. முன்கால் ஊன்றியதுமே பந்து கையை விட்டுவிடும் என்பதால், கண் கோட்டைப் பார்த்து உடனே மேலே எழ வேண்டும். தலையை ஆட்டினால் பந்தின் முதல் பகுதி தவறிப்போகும். கண்ணை மட்டும் நகர்த்தப் பழக வேண்டும். ஸ்டம்புக்கு ரொம்ப ஒட்டி நின்றால் காலும் மறுமுனையும் ஒரே பார்வைக்குள் அடங்காது. இரண்டடி பின்னே போனால் இரண்டும் ஓரளவு அடங்கும். எவ்வளவு தூரம் என்பது உயரத்தையும் கண்ணையும் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். சரியான அளவு என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

கீப்பர் கேட்ச் அப்பீலில் வேறொரு சங்கதி. மட்டைக்கும் அம்பயருக்கும் கிட்டத்தட்ட 20 மீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க வினாடியில் நூற்றில் ஆறு பங்கு ஆகும். அதற்குள் வேகப் பந்து மட்டையைத் தாண்டி இரண்டு மீட்டர்வரை போய்விடும். காதில் சத்தம் விழும்போது கண்ணில் பந்து ஏற்கெனவே மட்டைக்கு அப்பால் இருக்கும். இதை அறியாத புதியவர், "பந்து கடந்தபிறகுதான் சத்தம் கேட்டது" என்று நாட் அவுட் சொல்லிவிடுகிறார். பந்தின் பாதை விலகியதா என்பதே முதல் சாட்சி. சத்தம் துணைச் சாட்சி மட்டுமே. மட்டை பேடில் இடிப்பது, தரையில் உரசுவது எல்லாம் அதே மாதிரிக் கேட்கும். கீப்பராகவோ ஸ்லிப்பிலோ நின்ற ஆட்டக்காரர் இதில் ஓரளவு முன்னால் இருப்பார். ஆனால் அவர் பழகியது பின்னாலிருந்து பார்க்கிற கோணம். எதிர்முனையில் அதே விலகல் சின்னதாகத் தெரியும்.

ரன் அவுட்டுக்கு நகர்வது கால்வேலைதான். பந்து போன பக்கமாகவே ஸ்டம்பை விட்டு ஓடி, கிரீஸுக்குப் பக்கவாட்டில் வந்து, பெயில்ஸ் விழும் நொடியில் அசையாமல் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினால் பந்துக்கு முதுகைக் காட்ட நேரும். பழைய ஆட்டக்காரர்கள் இங்கே செய்வது என்னவென்றால், பந்தையே பார்த்து நின்றுவிடுவார்கள். களத்தில் இருபது வருடம் பந்தைப் பார்த்தவர் கண்ணைக் கோட்டுக்குத் திருப்புவது லேசில்லை.

இனி விதிகள். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு விதி தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வழக்கம். இரண்டும் ஒத்துப்போகும்வரை பிரச்சினை இல்லை. எராஸ்மஸ் நின்ற இரண்டு ஆட்டங்களே இதற்கு நல்ல உதாரணம். 2019 இறுதிப்போட்டியின் கடைசி ஓவரில் நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது. ஆறு ரன் கொடுத்தார்கள். விதி 19.8 சொல்வது, எறிந்த நொடியில் மட்டையாளர்கள் ஒருவரை ஒருவர் கடந்திருந்தால்தான் அந்த ஓட்டம் கணக்கில் சேரும். ஸ்டோக்ஸும் மறுமுனையில் இருந்த ரஷீதும் இரண்டாவது ரன்னுக்குக் கடந்திருக்கவில்லை. விதிப்படி ஐந்து ரன், அடுத்த பந்தை ரஷீத் சந்தித்திருக்க வேண்டும். டஃபல் இதை வெளிப்படையாகச் சொன்னார்; எராஸ்மஸும் பிற்பாடு தவறை ஒப்புக்கொண்டார். ஓவர்த்ரோ போனால் ஓடிய ரன்னோடு நான்கைக் கூட்டுவது ஆட்டக்காரருடைய வழக்கம். எறிந்த நொடியைக் கவனிப்பது அம்பயர் தனியே பழக வேண்டியது.

2023 நவம்பரில் டெல்லியில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் டைம்டு அவுட் (உரிய நேரத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராகாததால் அவுட்) ஆனபோது கதை திரும்பியது. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசியின் விதியில் அவகாசம் மூன்று நிமிடம். அந்த உலகக் கோப்பையின் ஆட்ட நிபந்தனையில் இரண்டு. சர்வதேச ஆட்டத்தில் யாரும் அதுவரை அப்படி அவுட் ஆனதில்லை. "இதற்கெல்லாம் யாரும் அப்பீல் செய்யமாட்டார்கள்" என்பது ஆட்டக்காரருடைய மனசு. அப்பீல் வந்தது, உண்மையிலேயே கேட்கிறீர்களா என்று வங்கதேச அணித் தலைவர் ஷகிபிடம் உறுதிசெய்து, அவர் பின்வாங்காததால் அவுட் கொடுத்தார்கள். சரியா தவறா என்ற ஒழுக்க விவாதம் இன்னும் ஓயவில்லை. அம்பயர்கள் செய்தது விதிப்படி சரி, அதில் ஐயமில்லை. எனக்குப் பட்டவரை, ஆட்டக்காரரின் வழக்கத்தை எராஸ்மஸ் முழுதாகக் கழற்றி வைத்திருந்ததன் அடையாளம் அது.

ஏணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாகாண அம்பயர் சங்கத்தில் சேர்ந்து விதித் தேர்வு எழுதுவது, கிளப் லீக், பிறகு மாகாணக் குழு, தேசியக் குழு. அங்கிருந்து வாரியம் பரிந்துரைத்தால் ஐசிசி சர்வதேசக் குழு, கடைசியில் பன்னிரண்டு பேர் அளவிலான எலைட் குழு. மேலே போகப் போக ஆட்ட நடுவரின் (மேட்ச் ரெஃபரி) அறிக்கை, அணித் தலைவர்களின் மதிப்பெண், வீடியோ மதிப்பீடு உண்டு. முதல்தர ஆட்டம் ஆடியவருக்குக் கீழ்ப்படிகளில் சீக்கிரம் வாய்ப்பு வருவது உண்மை. தலைவர்கள் அவரைத் தெரிந்தவர்கள், வாரியத்துக்கும் தெரிந்த முகம். இந்த அளவுக்கு அதைச் சலுகை என்றே சொல்லலாம். தேசியக் குழுவுக்கு மேலே தீர்ப்புகளைப் பந்து பந்தாகக் கணக்கெடுப்பதால் பெயர் அதிகம் உதவாது.

வாழ்க்கை என்றும் கேட்டிருந்தீர்கள். டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர், 540 பந்து. அதில் பாதி பந்துவீச்சு முனையில், பாதி ஸ்கொயர் லெக்கில் (மட்டையாளருக்குப் பக்கவாட்டில்). ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றபடி. முழு நேரமும் உன்னிப்பாக இருந்தால் மதியத்துக்குள் மூளை களைத்துவிடும். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போது விழித்து, அந்தப் பந்தின் ஆட்டம் முடிந்ததும் தளர்த்தும் பழக்கம் வேண்டும். இதில் மட்டையாளராக இருந்தவர்களுக்குப் பெரும் அனுகூலம். நாள் முழுக்க ஆடிய தொடக்க ஆட்டக்காரர்கள் செய்தது இதைத்தான். பணத்தைப் பொறுத்தவரை, மாகாண அளவில் பலருக்கு இது பருவகால வருமானம் மட்டுமே. தென்னாப்பிரிக்காவில் அக்டோபர் முதல் மார்ச் வரை ஆட்டம், மீதி மாதங்களுக்கு வேறு தொழில் வேண்டும். அந்த வேலையும் வெள்ளி, திங்கள் விடுப்புக்குச் சம்மதிக்கும் வேலையாக இருக்க வேண்டும். முதல்தர ஆட்டம் நான்கு நாள் என்பதால் பலர் இங்கேதான் விலகுகிறார்கள், திறமைக் குறைவால் விலகுபவர்கள் குறைவு. எலைட் குழுவில் பணம் உண்டு, வீடு இல்லை. 2002 முதல் டெஸ்டில் இருவருமே நடுநிலை நாட்டவர்கள் என்ற ஏற்பாடு வந்ததால் (2020 தொற்றுக்காலத்தில் அது தளர்ந்தது) சொந்த மண்ணில் டெஸ்ட் நிற்பது அரிது. 2024இல் ஓய்வு அறிவித்தபோது எராஸ்மஸ் சொன்ன காரணங்களில் பயணமும் உண்டு. உள்நாட்டு ஆட்டங்களில் நிற்பதும் இளைய அம்பயர்களுக்கு வழிகாட்டுவதும் தொடரும் என்றார்.

முதல்தர ஆட்டம் ஆடிய அம்பயர்களின் தீர்ப்பு மற்றவர்களுடையதைவிடத் துல்லியமானதா? இதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆடியவர்களுக்கு வாய்ப்புகள் முன்னதாகவே கிடைப்பதால் ஒப்பீடே கோணலாகிவிடுகிறது. ஆட்டக்காரர்கள் ஆடியவரை எளிதில் ஏற்கிறார்கள் என்பது மட்டும் களத்தில் கண்கூடு. அந்த ஏற்பு ஒரு தவறான தீர்ப்பு வரைக்கும்தான் தாங்கும் என்பதும் அப்படியே.

உங்களுக்கே இதில் நாட்டம் இருந்தால், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள். உங்கள் அணிக்கு ஓய்வுள்ள வாரத்தில் கீழ்ப்பிரிவு ஆட்டங்களில் நில்லுங்கள். முதல் சில ஆட்டங்களில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் திருத்தப் பாருங்கள். கண் காலிலிருந்து மறுமுனைக்கு எழுவதே தொடங்கச் சரியானது. பந்து எண்ணும் கருவி, உபரி பெயில்ஸ், ஈரப் பந்தைத் துடைக்கத் துணி, கத்தரி, மட்டை அளவுச் சட்டம் (அகலம் 108 மில்லிமீட்டர், தடிமன் 67, ஓரம் 40) பையில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் தீர்ப்புச் சொன்ன ஒவ்வொரு அப்பீலையும் மூன்று வரியில் எழுதுங்கள்: எங்கே குத்தியது, எங்கே பட்டது, எதனால் அந்த முடிவு. அவுட் கொடுக்காதவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். பழைய ஆட்டக்காரரின் சாய்வு பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.